இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பத் தயக்கமாக இருக்கிறது, பிழை இருக்குமோ என்று பயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்திரிகை அலுவலகத்தில் 26 வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான், அதாவது புரூஃப் ரீடர். பிழை என்றால் என்ன, அது எவ்வளவு தூரம் மனதை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே உபதேசமாக எதுவும் சொல்லப் போவதில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி எட்டு மாதமாகிறது. இதுவரை பதினான்கு தடவை திருத்தி எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து படிக்கிறேன், எங்கேயோ இடிக்கிறது, அதைச் சரிசெய்தால் அடுத்த வரி இடிக்கிறது. முழுசாகச் சரியாக வந்தால்தான் அனுப்புவேன் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பிரதியை இணைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்.
— ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: டீச்சர், இரண்டு தடவை படித்தேன். முதல் பத்தியில் ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியாது. காலையில் சந்து முழுக்க அரம் போடும் சத்தம், அதில் அப்பாவின் அரம் எது என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தது, அதையெல்லாம் நான் காதால் கேட்டேன். மாங்காய்ப் பூட்டைக் காதோரம் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி, உள்ளே லீவர் விழுகிறதா என்று அவர் கேட்கும் இடமும் அப்படித்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது செய்தித்தாளில் யாருக்கும் கிடைக்கும். காதோரம் வைத்துக் கேட்டது உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

அப்புறம் கடைசிப் பத்திக்கு வந்தேன். மூன்றே வரி. "காலம் மாறியது. மெஷின் பூட்டுகள் வந்தன. பட்டறை மூடப்பட்டது." அவ்வளவுதான். மூடிய அன்று அப்பா வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்? அரங்களை எடுத்து வந்தாரா, அங்கேயே விட்டுவிட்டாரா? மறுநாள் காலையில் என்ன செய்தார்? பதினான்கு தடவை திருத்தியும் இது ஏன் இப்படி நிற்கிறது என்று யோசித்தால் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறீர்கள். மூன்றாம் பக்கம் வருவதற்குள் களைத்துப் போகிறீர்கள். முதல் பத்தியைப் பதினான்கு தடவை திருத்தியிருக்கிறீர்கள், கடைசிப் பத்தியை ஒரு தடவைகூட எழுதவில்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இந்தப் பத்தில் சொல் பிழையைப் பற்றியது ஒன்றே ஒன்று, வழூஉச்சொல் புணர்த்தல். மற்ற ஒன்பதும் சொல்ல வந்த விஷயத்தைப் பற்றியவை. தேவையானதைச் சொல்லாமல் விட்டாயா, சொன்னதையே திரும்பச் சொன்னாயா, முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாயா, நன்றாகத் தொடங்கிவிட்டு முடிவில் தேய்ந்து போனாயா. நாம் ஒன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் கட்டுரையில் இருப்பது சென்று தேய்ந்து இறுதல். அதை எந்த ஒற்றெழுத்தும் சரிசெய்யாது.

முதல் இரண்டு பக்கங்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். பட்டறை மூடிய அந்த ஒரு நாளை மட்டும் ஒரே மூச்சில், திருத்தாமல், ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் ஒரு தடவை படியுங்கள், அனுப்புங்கள். பூட்டின் வெளிப்பக்கத்துக்குத்தான் பாலிஷ், உள்பக்கத்தில் அரம் பட்ட கோடுகள் அப்படியே இருக்கும், சாவி நாலு தடவை தடங்காமல் திரும்பினால் அப்பா பூட்டைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மிகவும் ரசித்தேன்.

கேள்வி: எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே க், ச், த், ப் வருமா வராதா என்று நின்றுவிடுகிறேன். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம் ஆகிறது.
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, எழுதுவது ஒரு வேலை, பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் கெடும். எங்கள் அலுவலகத்தில் கட்டுரை எழுதியவரை அவருடைய மெய்ப்பைத் தனியாகப் பார்க்க விடவே மாட்டார்கள். நீங்கள் வீட்டில் தனியாக இருப்பதால் ஆளை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றுங்கள். எழுதும்போது ஒற்று விழட்டும், ல-வும் ள-வும் இடம் மாறட்டும், நிற்காமல் போங்கள். முடித்த பிறகு சிவப்புப் பேனாவோடு வாருங்கள்.

வல்லினம் மிகும் இடங்களை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றால் அது நடக்காது. நடைமுறையில் திரும்பத் திரும்ப வருவது சில இடங்கள்தான். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன், இந்தக் கதை. ஐ உருபும் கு உருபும் வெளிப்படையாக வந்தால் மிகும்: அவனைப் பார்த்தேன், ஊருக்குப் போனேன். ஆக, என என்று முடிந்தாலும் மிகும்: மெதுவாகச் சொன்னாள், எனக் கேட்டாள். அப்புறம் வினையெச்சம். -த்து, -ட்டு, -ற்று என்று அழுத்தமாக முடிந்தால் மிகும்: படித்துப் பார், கேட்டுச் சொல், கற்றுக் கொடு. -ந்து, -ண்டு, -ன்று என்று மெல்ல முடிந்தால் மிகாது: வந்து போ, கண்டு பேசு, என்று சொன்னார். பெயரெச்சத்துக்குப் பின்னும் மிகாது: வந்த பையன், படித்த புத்தகம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி இடங்களில் நாக்கே காட்டிக்கொடுக்கும். எனக்கு இலக்கணம் கற்றுத் தந்த மூத்த மெய்ப்பாளர் இதைத்தான் முதல் நாள் சொன்னார், புத்தகத்தை இரண்டாம் மாதம்தான் கையில் கொடுத்தார்.

பொருள் மாறும் இடத்தில் மட்டும் விடாதீர்கள். "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான், "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேல் என்ற ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தான். "தந்த பலகை" யாரோ தந்த பலகை, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தில் செய்தது. இங்கே கவனம் வேண்டும். மற்ற இடத்தில் ஒன்றிரண்டு ஒற்று விட்டுப்போனால் படிப்பவர் நின்றுவிட மாட்டார். வாணி, நாவி என்று தமிழுக்கு இணையத்தில் பிழைதிருத்திகள் இருக்கின்றன, சந்தியைப் பார்ப்பது நாவி. எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு தடவை அதில் போட்டுப் பாருங்கள். வரிக்கு வரி போட்டால் பழைய கதைதான்.

கேள்வி: ஒரு மாத இதழில் என் முதல் கட்டுரை வந்தது. எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள்தான் பார்த்தேன், இரண்டாம் பத்தியில் "ஏற்கெனவே" என்பது "ஏற்கவே" என்று இருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் கவனித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. மூன்று மாதமாக எதுவும் எழுதவில்லை.
— வாசகி, கோவை

பதில்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம், நெசவாளர்களைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு "தறியும் வாழ்வும்". அப்போது அந்தப் பத்திரிகையில் தலைப்புகளை ஈய எழுத்தில்தான் கோப்பார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார், கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்வார், இன்னொருவர் புரூஃப் தாளில் ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வருவார். அப்படி உள்ளே இருந்த நாலு பக்கத்தையும் மூன்று தடவை பார்த்தோம். இதழ் வந்தது. தலைப்பில், பக்கத்தின் அகலத்துக்கு, "தறியும் வாழவும்" என்று இருக்கிறது. ழ்-க்குப் பதில் ழ. ஒரு புள்ளி. சின்ன எழுத்தை மூன்று தடவை பார்த்தவர்கள் பெரிய எழுத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை, அது கண்ணெதிரே இருந்ததால் படித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டோம்.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது போன் செய்வார்கள், யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளர். தலைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டுரையில், தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடா பாவு நூலைக் கொண்டுபோகிறது என்று நான் எழுதியிருந்தேன். "அம்மா, பாவு தறியில் நீளவாட்டில் கட்டி நிற்பது, அது ஓடாது. நாடாவில் ஓடுவது ஊடை. தெரியாமல் எழுதியிருப்பீர்கள், அடுத்த தடவை ஊருக்கு வந்தால் தறியில் உட்கார்ந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். நுணுக்கி நுணுக்கி, அட்டை முழுவதும்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் தூக்கம் கெட்டது ஒரு புள்ளிக்காக. அவருக்கு அந்தப் புள்ளி ஒரு பொருட்டாகவே இல்லை, வாழ்வு என்று சரியாகவே படித்துக்கொண்டார். அவரைத் தொட்டது அவருடைய தொழிலை நான் தலைகீழாகச் சொன்னது. அதை எங்களில் ஒருவர்கூடப் பிழை என்று பார்க்கவில்லை, ஏனென்றால் பாவு, ஊடை இரண்டுமே சரியான எழுத்தோடு அச்சாகியிருந்தன. அந்த ஊருக்குப் போனேன், தறியில் உட்கார்ந்தேன், அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். அதற்குப் பிறகு நான் மெய்ப்புப் பார்க்கும் வரிசையே மாறிவிட்டது. முதலில் விஷயம், பெயர், ஊர், ஆண்டு, எண், தலைப்பு, படத்துக்குக் கீழே உள்ள வரி. அப்புறம்தான் ஒற்று.

பழைய தமிழ்ப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள், "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பக்கம் ஒட்டியிருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. பெரிய அறிஞர்களின் பதிப்புகளிலும் அந்தப் பக்கம் உண்டு. வெட்கப்படும் விஷயமாக அதை யாரும் நினைக்கவில்லை, புத்தகத்தின் ஒரு பகுதியாகவே கட்டிக் கொடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டபோது அவருக்கு வயது 32. ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது, எ-யும் ஏ-யும் ஒரே வடிவம். எந்த எழுத்து என்று ஒவ்வொரு இடத்திலும் அவர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். கையில் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு, சந்தேகங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து வெளியிட்டார், பின்னால் தெளிவானதை அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தினார். பதிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டாம், மூன்றாம் என்று போட இடம் இருப்பதே அதற்காகத்தான்.

நீங்கள் அந்த இதழின் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள், "ஏற்கெனவே என்று இருக்க வேண்டும், முடிந்தால் திருத்தம் வெளியிடுங்கள்" என்று. அனுப்பிய கையோடு அடுத்த கட்டுரையைத் தொடங்குங்கள். மூன்று மாதம் நீங்கள் எழுதாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். "நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்" என்று எழுதினால் சென்னையிலுள்ள தோழி "பேசிக்கொண்டிருந்தோம்" என்று மாற்றுகிறார். ரொறன்ரோவை டொரண்டோ ஆக்குகிறார். எது பிழையில்லாத தமிழ்? இந்தக் குழப்பத்தால் எழுதுவதே குறைந்துவிட்டது.
— வாசகர், ரொறன்ரோ

பதில்: கதைத்தோம் என்றே எழுதுங்கள். அது பிழையே கிடையாது, திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆங்கிலப் பெயர்களின் ட ஒலியை ர, ற வைத்து எழுதுவது ஈழத்து வழக்கம், அங்கே அச்சான ஆயிரக்கணக்கான பக்கங்களில் அப்படித்தான் இருக்கிறது. பிழையற்ற பதிப்பு என்றால் இன்றைக்கும் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆறுமுக நாவலர் உங்கள் நல்லூர்க்காரர். உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார், அவருக்குப் பழகிய தமிழைச் சரியான தமிழ் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். மெய்ப்பாளராக நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: முதல் பக்கத்தில் ரொறன்ரோ என்றால் கடைசிப் பக்கத்திலும் ரொறன்ரோ. அவரிடம் அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், அதில் அவர் உங்களுக்குப் பெரிய உதவியாக இருப்பார்.

கேள்வி: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? சுவற்றிலா, சுவரிலா? இரண்டுக்கும் வீட்டில் சண்டை.
— வாசகி, மதுரை

பதில்: சுவரில். கிணறு, வயிறு, கயிறு எல்லாம் று என்று முடிவதால் கிணற்றில், வயிற்றில், கயிற்றில் என்று ஆகும். சுவர் ர் என்று முடிகிறது, அதனால் சுவரில். இதில் சண்டைக்கு இடமில்லை. வாழ்த்துகள் என்பதே கள் விகுதிக்குப் பொருத்தம் என்று ஒரு சாரார், எழுத்துக்கள் என்று காலங்காலமாக எழுதி வந்திருக்கிறோமே என்று இன்னொரு சாரார். நான் வாழ்த்துகள் என்று போடுவேன், மற்றதைப் போட்டவரைத் திருத்த மாட்டேன். பண்டிகை அட்டையில் போட்டோ போட்டோமா, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: எத்தனை தடவை படித்தாலும் என் பிழை என் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்தவர் எழுதியதில் ஒரே பார்வையில் தெரிகிறது. போனில்தான் எழுதுகிறேன்.
— மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். எழுதியவருக்கு அடுத்து என்ன சொல் வரும் என்று முன்கூட்டியே தெரியும், அதனால் கண் எழுத்தைப் படிக்காமல் நினைவைப் படித்துக்கொண்டு போய்விடும். திண்டுக்கல் டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன், பதினான்கு தடவை திருத்திய அந்தப் பிரதியில் ஓர் இடத்தில் அப்பா சாவியை "அறத்தால்" ராவுகிறார். அரம், அறம் இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் அடிக்கோடு போடாது. மனம்-மணம், பனி-பணி, கரை-கறை, உளவு-உழவு எல்லாம் இதே வகை. பதினைந்தாவது தடவை அவரே படித்திருந்தாலும் அது தப்பியிருக்கும். நிறைய தடவை படிப்பதால் பலன் இல்லை, வேறு மாதிரி படிக்க வேண்டும்.

உரக்கப் படியுங்கள். போனில் எழுதியதைத் தாளில் எடுத்துப் படியுங்கள், முடியாவிட்டால் எழுத்துருவையும் அளவையுமாவது மாற்றுங்கள். பக்கம் வேறு மாதிரி தெரிந்தாலே கண் விழித்துக்கொள்ளும். கடைசி வாக்கியத்திலிருந்து மேலே மேலே போய்ப் படியுங்கள், கதை அறுந்துபோவதால் எழுத்து மட்டும் நிற்கும். எங்கள் மூத்த மெய்ப்பாளர் கல்யாணப் பத்திரிகை வந்தால் இப்படித்தான் பார்ப்பார், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் தொடங்கி மேலே போவார், முகூர்த்த நேரத்தை மட்டும் தனியாக இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்.

போனில் எழுதுபவர்களுக்கென்றே சில பிழைகள் உண்டு. துணைக்காலுக்குப் பதில் ர விழுவது. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, கௌரவம் என்பது கெளரவம் ஆவது. எ-க்குப் பதில் தமிழ் எண் ஏழு, அதாவது ௭, வந்து உட்கார்ந்துகொள்வது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், படிப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் அந்தச் சொல்லை யாராவது தேடினால் கிடைக்காது. இதையெல்லாம் கண்ணால் பிடிக்க முயல வேண்டாம், தேடி மாற்றும் வசதியில் போட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: கும்பகோணம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 31 வருடம் தபால்காரனாக இருந்தவன். பேரப்பிள்ளைகளுக்காக என் அனுபவங்களை மூன்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இல்லாமல் ஆக்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை திருத்தினால் போதும்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், வயது 71

பதில்: ஐயா, பொதுவாகக் கேட்பவர்களுக்கு மூன்று தடவை என்று சொல்வேன். ஒரு தடவை விஷயத்துக்காக, ஒரு தடவை காதுக்காக, ஒரு தடவை எழுத்துக்காக, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. நேற்று "ஆனால்" என்பதை "ஆயினும்" என்று மாற்றி, இன்று அதை மறுபடி "ஆனால்" என்று மாற்றினால் அங்கே திருத்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் செய்வதெல்லாம் பயத்தால் செய்வது.

உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தக் காலத்து மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சின்ன இடம் இருந்ததே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் வெளியூரில் வேலை செய்யும் மகன் நாலு வரி எழுதியிருப்பான், பாதி எழுத்து தப்பாக இருக்கும், படிக்கத் தெரியாத தாய்க்கு நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருப்பீர்கள். ஒரு வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட தாய்மார்கள் இருந்திருப்பார்கள். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களில் அப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பணத்தை எண்ணாமல் முடிந்துகொண்டு "அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிப்பா" என்று கேட்டவர். "திண்ணை" என்பதற்கு இரண்டு இடத்தில் "தின்ணை" என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை ஐயா.

இனி நீங்கள் திருத்த வேண்டாம். பெரிய பேத்திக்குப் பதினொரு வயது, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நோட்டை அவளிடமே கொடுங்கள். தினமும் சாயங்காலம் இரண்டு பக்கம் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் தட்டுத் தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடட்டும், "இது யாரு தாத்தா, அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்கும் இடத்தில் இன்னொரு கோடு. எழுத்துப் பிழைகளை அவளே உங்களுக்குக் காட்டிவிடுவாள், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ண-வும் ன-வும் நேற்றுத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். முதல் நோட்டு முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அவள் எங்கெல்லாம் கோடு போட்டாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.